வாசகர் கேள்வி–பதில்: கிழக்காசியப் படிப்பும் அதற்கான பரிசுகளும்

கடந்த இதழில், கிழக்காசியவியலில் சிறந்து விளங்கும் மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வழங்கும் பரிசுகளைப் பற்றி நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ராயபுரத்திலிருந்தும் அதற்கு வடக்கே இருந்தும் வந்தவை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கிவிட்டேன். சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் மொழி, வரலாறு, இலக்கியம், சமூகம் ஆகியவற்றைப் படிப்பதையே கிழக்காசியவியல் என்கிறார்கள்.

கேள்வி: பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்து, மொழித் தேர்வின் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவதான என்4-இல் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். நீங்கள் எழுதிய வெளிநாட்டுப் பரிசுகளுக்கு நான் விண்ணப்பிக்க முடியுமா? (கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை)

பதில்: பெரும்பாலானவற்றுக்கு முடியாது. அவை அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் சொந்த மாணவர்களுக்கு வைத்திருப்பவை. ஹார்வர்டில் ஜப்பானைப் பற்றிய சிறந்த மாணவர் கட்டுரைகளுக்கு நோமா–ரைஷாவர் பரிசு இருக்கிறது. கொடான்ஷா பதிப்பகத்தின் நோமா, 1961 முதல் 1966 வரை ஜப்பானில் அமெரிக்கத் தூதராக இருந்த பேராசிரியர் எட்வின் ரைஷாவர் ஆகிய இருவரின் பெயரைத் தாங்கிய அந்தப் பரிசுக்கு ஹார்வர்டு மாணவர்கள் மட்டுமே போட்டியிடலாம். லைடன் நகரிலுள்ள ஆசியவியல் ஆய்வு நிறுவனம் சிறந்த முதுகலை ஆய்வேட்டுக்குத் தரும் பரிசும் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஏடுகளுக்கே உரியது. நம் கல்லூரிகளில் துறையில் முதலாவதாக வருபவருக்குத் தங்கப் பதக்கம் போடுகிறார்கள் அல்லவா, அதைப் போன்றவைதான் இவை. பக்கத்துக் கல்லூரிக்காரர் வந்து கேட்க முடியாது.

எல்லோருக்கும் திறந்திருக்கும் பரிசுகளும் உண்டு. ஆனால் அவை மாணவப் பருவத்தைக் கடந்தவர்களுக்கானவை. பாரிஸில் 1872-இல் நிறுவப்பட்ட ஸ்தானிஸ்லா ஜூலியன் பரிசு சீனவியலில் மிகப் பழையது. 1875-இல் அதை முதன்முதலாகப் பெற்ற ஜேம்ஸ் லெக், கன்பூசிய நூல்களை ஆங்கிலத்தில் தந்தவர். (யாருடைய பெயரில் பரிசு இருக்கிறதோ அந்த ஜூலியன் ஒருமுறைகூடச் சீனாவுக்குப் போனதில்லை. விமானக் கட்டணத்தை எண்ணி மலைக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.)

உங்களுக்கு இப்போது தேவைப்படுவது பரிசு அல்ல, உதவித்தொகை. எழுதி முடித்ததற்குத் தருவது பரிசு. எழுதப் போவதற்குத் தருவது உதவித்தொகை. ஜப்பான் அரசு 1954 முதல் வழங்கிவரும், மெக்ஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் உதவித்தொகையில் 'ஜப்பானியவியல் மாணவர்' என்ற ஓராண்டுப் பிரிவு ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் நமக்கானது என்று தோன்றும். ஆனால் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்குத்தான் அது கிடைக்கும். வரலாற்றை முதன்மைப் பாடமாக வைத்துக்கொண்டு மாலையில் மொழி படிப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். படிவத்தை நிரப்பிய பிறகு இதைக் கண்டுபிடித்து மனமுடைந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

நீங்கள் பார்க்க வேண்டியது அதே உதவித்தொகையின் 'ஆய்வு மாணவர்' பிரிவை. பட்டம் முடித்த, 35 வயதுக்கு உட்பட்ட எவரும் எந்தத் துறையிலிருந்தும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம் கிடையாது, போகவர விமானச் சீட்டும் மாதாந்திரத் தொகையும் கிடைக்கும். விண்ணப்பப் பரிசீலனை, எழுத்துத் தேர்வு, நேர்காணல் என்று வடிகட்டிய பிறகு, நீங்களே ஜப்பானியப் பேராசிரியர்களுக்கு எழுதி, உங்களை ஏற்றுக்கொள்வதாக ஒரு கடிதம் வாங்க வேண்டும். இத்தனைக்கும் அடித்தளம், விண்ணப்பத்தோடு நீங்கள் இணைக்கும் ஆய்வுத் திட்டம். சென்னையில் ஜப்பான் துணைத் தூதரகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே தேனாம்பேட்டை நிலையத்தில் இறங்கிவிடலாம். ஜப்பானிய மொழித் தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. என்4-இலிருந்து என்3-க்கு ஏறும் படி, இதுவரை ஏறிய இரண்டு படிகளையும் சேர்த்ததைவிட உயரமானது. ஆய்வுத் திட்டத்தை ஆங்கிலத்தில் எழுதலாம் என்பது உண்மைதான், ஆனால் மூல ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்காது.

கேள்வி: என் மகள் கொரியத் தொடர்களைப் பார்த்தே கொரிய மொழி கற்றுக்கொண்டாள். இப்போது கொரியாவில் முதுகலை படிக்க வேண்டும் என்கிறாள். அரசு உதவித்தொகை கிடைக்கும் என்கிறாள். நம்பலாமா? (ஒரு தந்தை, திருவொற்றியூர்)

பதில்: நம்பலாம். கொரிய அரசின் உலகளாவிய உதவித்தொகை, மாணவர் பேச்சில் ஜி.கே.எஸ்., உண்மையானது. கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாதச் செலவு ஆகியவற்றோடு முதல் ஓராண்டு மொழிப் பயிற்சியும் தருகிறார்கள். அந்த ஆண்டின் முடிவில் டோபிக் எனப்படும் கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்புக்குள் போக முடியும். முன்கூட்டியே ஐந்தாம் நிலை வாங்கியிருந்தால் மொழி ஆண்டே தேவையில்லை. தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ, ஏதாவது ஒரு வழியில் மட்டுமே விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் போட்டுவைப்போம் என்று நினைத்தால் இரண்டும் போய்விடும்.

தங்கள் மகளுக்கு இடறக்கூடிய கற்கள் இரண்டு. ஒன்று மதிப்பெண். 100-க்கு 80 என்பது அவர்கள் கேட்கும் அளவு. 60 வாங்கினாலே முதல் வகுப்பு என்று பெருமைப்படும் நம் கலைக் கல்லூரிகளில் 80 என்பது எளிதல்ல. மற்றொன்று காகிதம். பட்டச் சான்றிதழுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் அவற்றை வெளிநாட்டில் ஏற்கும்படி சான்றளிக்கும், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வேண்டும், அதற்கு முன்னால் மாநில அரசின் சரிபார்ப்பு வேண்டும், அதற்கும் முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டச் சான்றிதழே கைக்கு வந்திருக்க வேண்டும். அறிவிப்பு வெளியான பிறகு இந்த வேலையைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் கடைசி நாளைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

தொடர் பார்த்து மொழி கற்றதைக் குறைத்துப் பேசாதீர்கள். காது பழகிவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, அதாவது இலக்கணத்துக்கும் எழுத்துக்கும், ராஜா அண்ணாமலைபுரத்திலுள்ள இன்கோ மையத்தில் கொரிய வகுப்புகள் நடக்கின்றன. கொரியவியலுக்கென்றே 1978-இல் தொடங்கப்பட்ட 'அகாடமி ஆஃப் கொரியன் ஸ்டடீஸ்' என்ற உயராய்வு நிறுவனம் சியோலுக்கு அருகில் சொங்நாம் நகரில் பட்டமேற்படிப்புப் பள்ளியோடு இயங்குகிறது. மகளிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் ஆர்வம் தொடரோடு நின்றுவிடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அகில இந்திய ஜப்பானிய மொழிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினால் அது கணக்கில் வருமா? (ராயபுரம்)

பதில்: வரும். ஆனால் நேர்காணலில் அந்தப் பேச்சிலிருந்து ஒரு கேள்வி கேட்டால் மனப்பாடம் செய்யாத பதிலைச் சொல்லத் தெரிய வேண்டும்.

கேள்வி: தமிழில் அம்மா, அப்பா, கொரிய மொழியிலும் ஒம்மா, அப்பா. இதைப் போன்ற சொற்களை நூற்றுக்கணக்கில் தொகுத்து வைத்திருக்கிறேன். கட்டுரையாக்கிச் சர்வதேசப் பரிசுக்கு அனுப்ப ஆசை. உங்கள் கருத்து? (முதுகலை மாணவர், வியாசர்பாடி)

பதில்: அனுப்பாதீர்கள். இப்படி ஒரே சொல்லில் முடித்தால் கோபம் வரும் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த எண்ணம் புதிதல்ல. கொரியாவில் ஆசிரியராகவும் மதப் பணியாளராகவும் இருந்த ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-லேயே ஒரு நூல் வெளியிட்டார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இரண்டையும் ஏற்கவில்லை. தமிழ்ப் பகையால் அல்ல. இரண்டு மொழிகள் ஒரே குடும்பம் என்று சொல்ல, ஒலிகள் ஓர் ஒழுங்கோடு மாறியிருப்பதைக் காட்ட வேண்டும். தமிழில் 'ப' வரும் இடங்களில் கன்னடத்தில் 'ஹ' வருகிறது: பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி. இதைத்தான் ஒழுங்கு என்கிறோம். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பொறுக்கிச் சேர்ப்பது ஒழுங்காகாது. அதிலும் அம்மா, அப்பா என்பவை குழந்தையின் உதடு முதலில் பழகும் ஒலிகளிலிருந்து பிறப்பதால், உறவே இல்லாத மொழிகளிலும் கிடைக்கும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை; அதை வைத்துக்கொண்டு நாம் காக்கசஸ் மலைக்குப் பெண் கொடுத்தோம் என்று எழுத முடியுமா?

நான் இரண்டு முறை கல்லூரிகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் முறை மேசை மேல் 31 கட்டுரைகள். அவற்றில் 11 இந்த அம்மா–அப்பா கட்டுரைகள், ஐந்து போதிதருமர் காஞ்சிபுரத்து இளவரசர் என்பதோடு தொடங்கி அதோடு முடிந்தவை. பரிசு பெற்றது எது தெரியுமா? இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி, வெறும் ஏழு பக்கம். 1409-ஆம் ஆண்டைத் தாங்கிய அந்தக் கல்லில், சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹே கொண்டுவந்த காணிக்கைகள் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் உரியவையாகச் சொல்லப்படுகின்றன. கல்வெட்டை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மாணவி மட்டும், தமிழ்ப் பகுதியில் வரும் காணிக்கைப் பட்டியலையும் சீனப் பகுதியின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பொருள் பொருளாக ஒப்பிட்டிருந்தார். அவருக்குச் சீனம் அரைகுறைதான். ஆனால் தமிழ்ப் பகுதியைத் தன் கண்ணால் படித்திருந்தார். ஹார்வர்டு மாணவருக்கு அது அவ்வளவு சுலபத்தில் வாய்க்காது.

உங்களிடம் உள்ள மூலதனமும் அதுதான். சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் சிவன் கோயில் இருந்ததற்குச் சான்றாக 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்பில், 1267-இல் வேலை முடிந்ததாகச் சொல்லும் சீன எழுத்துகள் பொறித்த மண் கோபுரத்தைப் பற்றிச் சொல்கிறார். நாகப்பட்டினத்தில் சீனக் கோபுரம் என்று பிற்காலத்தில் அழைக்கப்பட்ட கட்டடம் 1867-இல் இடிக்கப்பட்டது. அவர் சொன்னதும் இடிக்கப்பட்டதும் ஒன்றுதானா என்பது ஒரு கேள்வி. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. அந்த ஓடுகளை ஆராய்ந்தவர்களில் ஒருவரான நொபொரு கராஷிமா, 1961-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவராக வந்து தமிழ்க் கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்ட ஜப்பானியர். சோழர் காலத்து ஊர் நிலங்களைப் பற்றிக் கல்வெட்டு கல்வெட்டாகக் கணக்கெடுத்தார். அவருக்கு 1995-இல் ஃபுகுவோகா பரிசும் 2013-இல் பத்மஸ்ரீயும் வந்தன. அவர் வந்த வழியில் எதிர்த்திசையில் நடந்து பாருங்கள்.

கேள்வி: சீன மொழி தெரியாமல், கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சீன மூலங்களைப் படித்துக் கட்டுரை எழுதலாமா? (பெரம்பூர்)

பதில்: தேடுவதற்குப் பயன்படுத்துங்கள், மேற்கோளுக்கு வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். சோங் வம்ச வரலாற்றில் 'ஜூ-நியென்' என்றொரு நாடு வருகிறது. முதல் எழுத்துக்கு 'ஊற்றுதல்' என்று பொருள், இரண்டாவது எழுத்துக்கு மன்னர் ஏறிச் செல்ல ஆட்கள் இழுக்கும் வண்டி என்று பொருள். எழுத்து எழுத்தாக மொழிபெயர்த்தால் 'ஊற்றும் வண்டி' என்று ஏதோ கிடைக்கும். அது சோழ நாடு. சோழம் என்ற ஒலியைத் தங்கள் எழுத்தில் பிடிக்க முயன்றிருக்கிறார்கள். அங்கே 'லோ-ச்சா-லோ-ஜா' என்று வரும் அரசர் ராஜராஜன். அவன் அனுப்பிய தூதுக்குழு 1,150 நாள் பயணத்துக்குப் பிறகு குவாங்ஜோவை அடைந்து 1015-இல் சீன அவைக்குப் போனது என்கிறது அந்த நூல். ராஜராஜன் மறைந்தது 1014. தூதர்கள் அங்கே யாருடைய பெயரைச் சொல்லி வணங்கினார்கள், யார் உயிரோடிருப்பதாக எண்ணி வணங்கினார்கள் என்று யோசித்தால் இரண்டு எழுத்தைச் சரியாகப் படிப்பதன் அருமை விளங்கும். செவ்வியல் சீன நூல்கள் பலவும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இலக்கணத்துக்கு ஆறு மாதம் உட்கார்ந்தால் இந்த மாதிரிப் பகுதிகளை அகராதியோடு எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

கேள்வி: ஜப்பான் பற்றி நான் எழுதிய கட்டுரையை, வழிகாட்டிய பேராசிரியர் தன் பெயரை முதலில் போட்டுக் கருத்தரங்கத் தொகுப்பில் வெளியிட்டுவிட்டார். அதே கட்டுரையை மாணவர் பரிசுக்கு அனுப்பலாமா? (கொடுங்கையூர்)

பதில்: அனுப்ப முடியாது. மாணவர் பரிசுகள் பொதுவாகத் தனி ஒருவர் எழுதிய, வெளிவராத கட்டுரையையே கேட்கின்றன. திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டால், தொகுப்பிலிருந்து நீங்கள் திருடியதாகத்தான் அது காட்டும். அவர் செய்தது தவறு. ஆனால் பரிந்துரைக் கடிதமும் அவரே தர வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. எனவே சண்டையைப் பட்டம் வாங்கும்வரை ஒத்திவைத்து, வரைவுகளைத் தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். வேறு மூலத்திலிருந்து வேறு கட்டுரை எழுதுங்கள். அதை வேறொரு ஆசிரியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆராய்ச்சி எனக்கு ஒத்துவராது. ஜப்பானியச் சிறுகதைகளை மொழிபெயர்க்கப் பிடிக்கும். அதற்கும் பரிசு உண்டா? (காசிமேடு)

பதில்: உண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம், கியோகோ செல்டன் என்ற ஆசிரியையின் நினைவாக, வெளிவராத ஜப்பானிய–ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்குப் பரிசு தருகிறது. இதுவரை எதுவும் வெளியிடாதவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆங்கிலத்தில் செய்யும்போதே தமிழிலும் ஒரு படி எழுதிவையுங்கள். 'வந்தான்', 'வந்தார்' என்ற வேறுபாட்டை ஆங்கிலம் எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடும். ஜப்பானிய மரியாதைச் சொற்கள் பலவற்றுக்குத் தமிழ் வினைமுற்றிலேயே இடமிருக்கிறது. வினை கடைசியில் வருவதும் இரண்டிலும் ஒன்று. இதை வைத்து உறவு கொண்டாட வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன், வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானதை என் தந்தை அடிக்கடி சொல்வார். அவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். குடும்பத்தைச் செங்கல்பட்டுப் பக்கம் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் இங்கே இருந்தாராம். எனக்கு 79 வயது. இதையெல்லாம் எழுதினால் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படுமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: ஐயா, இந்த மாதம் வந்ததில் மிகவும் பயனுள்ள கடிதம் உங்களுடையதுதான். 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பும் 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்ட பிறகு, சென்னையிலிருந்து அரசு அலுவலகங்களும் மக்களும் வெளியேறினார்கள். தப்பித்துவிடும் என்ற பயத்தில் பீப்பிள்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1943 அக்டோபரில் ஒற்றை விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு வீசிவிட்டுப் போனது. நம் தரப்புக் கோப்புகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். ஜப்பானியத் தரப்பில், 2001-இல் தொடங்கிய ஆசிய வரலாற்று ஆவண மையம் அக்காலத்து ராணுவ, கடற்படை ஆவணங்களை இணையத்தில் யாரும் பார்க்கும்படி இலவசமாக வைத்திருக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் துறைமுகத் தொழிலாளியின் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல உங்களைப் போன்றவர்கள்தான் இருக்கிறார்கள்.

முதல் கேள்வி கேட்ட தண்டையார்பேட்டை மாணவிக்கு ஆய்வுத் திட்டம் வேண்டும். இருவரும் சம்மதித்தால் உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்புகிறேன். அதற்குள், நினைவிருக்கும்வரை எழுதிவையுங்கள்: எந்தத் தெரு, எந்த வீடு, ரயிலா மாட்டு வண்டியா, பாத்திரங்களில் எவற்றை எடுத்துப் போனார்கள், எவற்றைக் கிணற்றில் இறக்கினார்கள், தந்தை தனியாக இருந்த மாதங்களில் யார் சமைத்துப் போட்டார்கள். தந்தை சொன்னது எது, பின்னால் நீங்கள் படித்தோ கேட்டோ தெரிந்துகொண்டது எது என்பதை மட்டும் இரண்டு மையில் பிரித்து எழுதுங்கள்.